ஆறும்வரை தொடக்கூடாது

கிரானோலா பாரை ஓவனிலிருந்து எடுத்தவுடன் தொடக்கூடாது. ஆற விட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதை யாருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் வேறு ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று தேடுகிறீர்கள். சொத்துத் தகராறா, பழைய பகையா என்று கேட்டீர்கள். சொத்து எங்கள் இரண்டு பேரிடமும் கிடையாது. பகை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. என் மச்சானை எனக்குப் பிடிக்கும். அவரைப் பிடிக்காதவர்கள் யாருமே இல்லை. அதுவே ஒரு தொந்தரவுதான்.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். பலகை, ஸ்கேல், பென்சில் என்று ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு மாறினேன். அப்புறம் கம்ப்யூட்டரே போதும், ஆள் வேண்டாம் என்று ஆனது. அலுவலகத்தில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். அந்தக் கேக் நடுவில் வேகவில்லை. அதை நான் எடுத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

என் மனைவிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. காலையில் சாப்பிடாமல் ஓடுவாள். பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒரு கிரானோலா பார், கடலைமிட்டாய் மாதிரி இறுக்கிய ஓட்ஸ் துண்டு, வாங்கி வழியில் தின்றுகொள்வாள். ஒருநாள் பாதி தின்று மடித்து வைத்திருந்ததை அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கடித்துப் பார்த்தேன். நனைந்த அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. இதை நான் இதைவிட நன்றாகச் செய்வேன் என்று தோன்றியது. வேலை போன பிறகு எனக்கு அப்படித் தோன்றிய முதல் விஷயம் அது.

பார்க்கத்தான் சுலபம். ஓட்ஸைத் தனியாக வறுக்க வேண்டும். பாதாமைச் சீவி அதையும் வறுக்க வேண்டும். தேனும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துப் பாகு காய்ச்ச வேண்டும். பாகைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது கல் மாதிரி உருண்டு நிற்க வேண்டும். கொழகொழவென்று நின்றால் பார் மறுநாளே நமத்துப்போகும். ஒரு கணம் தவறினால் கசக்கும். பதம் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, தட்டையான டம்ளரின் அடியால் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். பிறகு சின்னச் சூட்டில் நெடுநேரம் ஓவனில். வெளியே எடுத்தபின் காத்திருக்க வேண்டும். கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக்கூடாது. அந்த ஒரு பொழுதில்தான் வெட்ட வேண்டும். முந்தினால் உதிரும். பிந்தினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெட்டிய பிறகு திரும்பவும் ஆற வேண்டும்.

இந்த வேலைக்கு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது.

இப்போது மச்சான்.

என் மனைவியின் அண்ணன். அப்பா அம்மா இல்லாமல் போனபிறகு அவளைப் படிக்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்து, தான் மட்டும் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இந்தப் பகுதியில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். சர்க்கரை வியாதி முற்றிக் கண் மங்கியபோது வண்டியை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னறையைக் கொடுத்தோம். ஆனால் அவர் இருந்தது சமையலறையில்.

அடுப்புக்கு இடது பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவார். வாத்தியார் சீட்டு. கற்றுக்கொள்பவன் தப்புச் செய்தால் மிதிக்க அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமில்லையா, அந்தப் பழக்கத்தில் கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். நான் பாகைக் கிளறினால் அவர் கால் மிதிக்கும்.

"மெதுவா, மாப்ளே, மெதுவா. கொதிக்குது பாரு. குறை, குறை. ஆங், இப்ப விடு."

"மச்சான், உங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியலையே. எப்படிக் கொதிக்குதுன்னு சொல்றீங்க?"

"கண்ணு எதுக்கு? இன்ஜின் சத்தம் போதாதா?"

என் மனைவி சிரிப்பாள். கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் என் பாருக்கு வைத்த பெயர் குதிரைத் தீனி. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மாப்ள குதிரைத் தீனி பண்றாரு, ரெண்டு தின்னுட்டுப் போங்க, கேட்டைத் தாண்டிக் குதிச்சே போயிடலாம்" என்பார். ஒருமுறை கெட்டியாக வந்துவிட்டது. "உன் தீனியும் இவ ஆஸ்பத்திரியும் ஜோடியா ஓடும் மாப்ளே. நீ பல்லை உடை, அவ டோக்கன் போடட்டும்" என்றார். இதை அவள் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லி, அங்கிருந்த பல் டாக்டர் எனக்கு ஒரு நன்றிச் சீட்டு எழுதி அனுப்பினார். அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார்கள். தினமும் பால் எடுக்கும்போது அதைப் படித்தேன்.

சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன். மூலையைத்தான் பொறுக்க முடியவில்லை. தட்டை எடுத்து மேடையில் வைத்துவிட்டு நான் முகம் கழுவப் போனால் போதும், திரும்பி வருவதற்குள் ஒரு மூலை காணாமல் போயிருக்கும். சூடாக இருக்கும்போது விரலால் பிய்த்துவிடுவார். மூலை போனால் அதோடு நிற்காது. இழுத்த இடத்திலிருந்து விரிசல் நடுவரை ஓடும். ஆறியபின் அந்தத் தட்டை எப்படி வெட்டினாலும் நேர்கோடு வராது. நான் நேர்கோட்டிலேயே வாழ்ந்தவன். ஸ்டீல் ஸ்கேல் வைத்துத்தான் பாரை வெட்டுவேன்.

"மச்சான், ஆறட்டும்னு சொன்னேன்ல?"

"ஆறினா மட்டும் என்ன, இது வெளிநாடு போகப் போகுதா? ஒரு துண்டுதானேப்பா."

மனைவியிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, அவருக்கு சுகர் இறங்கும்போது கை தானா இனிப்பைத் தேடுதுங்க. வெக்கப்பட்டுட்டு ஆசைக்குத் தின்ன மாதிரி நடிக்கிறாரு. விடுங்களேன்" என்றாள்.

ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. தெரியும். அவருக்குச் சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெற்றி வியர்க்கும், கை நடுங்கும், வார்த்தை குழறும். ஒருமுறை மனைவி அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "யாரு செத்தா, எல்லாரும் ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டார். அதன்பிறகு குளிர்ப்பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. அவர் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கும். என் மனைவி வேலைக்குப் போகும்முன் அந்தப் பையைத் தட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். என் சட்டைப் பையை யாரும் தட்டிப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. வாசலிலேயே ஒரு சின்னக் கடை, பழச்சாறும் கொட்டைகளும் விற்பார்கள். நான் ஒரு டப்பாவில் என் பாரைக் கொண்டுபோய் அந்த முதலாளியிடம் கொடுத்தேன். இதற்கு முன் நான் யாரிடமும் எதையும் விற்கப் போனதில்லை. அவன் ஒரு துண்டைக் கடித்தான். மென்றான். கூரையைப் பார்த்தான்.

"ருசி நல்லாருக்கு சார். இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு இருந்தா எடுத்துக்கலாம். கடிச்சா சத்தம் கேக்கணும். வாராவாரம் குடுக்க முடியுமா?"

வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து சத்தத்துக்காக உழைத்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓட்ஸை மாற்றினேன். தேனைக் குறைத்தேன். தட்டை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது, அந்த ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் மச்சானாகவே இருந்தது. பாகு பதத்துக்கு வரும் நேரம் பார்த்து, "மாப்ளே, என் கண்ணாடி எங்க?" கண்ணாடி அவர் தலைமேல் இருக்கும். டம்ளரால் அழுத்திக்கொண்டிருக்கும்போது, "மாப்ளே, வாசல்ல யாரோ." யாரும் இருக்கமாட்டார்கள். ஓவன் கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். உள்ளே இருக்கும் சூடெல்லாம் அவர் மூக்குக்கு வந்துவிடும். நான் கதவைச் சாத்துவேன். தட்டு தட்டாக நமத்துப்போனது. நமத்ததையெல்லாம் அவரே தின்றார். "இதுதாம்பா எனக்குத் தோதா இருக்கு, பல்லுக்கு இதம்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஒருநாள் கொஞ்சம் தேறிய ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். முதலாளி கடித்தான். சத்தம் வரவில்லை. இருந்தாலும், "பரவால்ல சார், கொண்டாங்க, வச்சுப் பாப்போம்" என்றான்.

"இல்லப்பா. நீ கேட்ட மாதிரி வந்தப்புறம் தர்றேன்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார். வாத்தியார் சொல்லிட்டாரு, அப்புறம் நான் என்ன பேசறது?"

"எந்த வாத்தியார்?"

"உங்க மச்சான்தான். அவர்தானே எனக்கு வண்டி கத்துக் குடுத்தாரு. நீங்க மொத தடவை வர்றதுக்கு முந்தின நாளே ஆளைப் பிடிச்சு நடந்து வந்தாரு சார், இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு. 'எங்க மாப்ள வருவாரு, முகம் சுளிச்சுடாத, மனசு விட்டுப் போயிருக்காரு'ன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான் உளறிட்டேன்."

நான் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதை மறுக்கவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இவ்வளவு நல்ல மனிதருக்கா இப்படிச் செய்தாய் என்றுதான் கேட்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த வயதில் சொந்தமாக ஒன்று கிடைத்தது. ஒரே ஒன்று. அதையும் சூடு ஆறுவதற்குள் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

"அண்ணன் சொன்னா என்னங்க இப்ப? கடைசியில நடந்தா சரிதானே?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்களே" என்று சிரித்தாள். பின்னறையிலிருந்து அவரும் சிரித்தார். காது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

அதற்குப் பிறகு நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும். கோபத்தில் ஒரு காரியம் செய்தால் அது கோணலாகத்தான் போகும். நான் அமைதியாக இருந்தேன். எனக்கு ஒரு தட்டு சரியாக வர வேண்டும். ஒரே ஒரு தட்டு, யார் தயவும் இல்லாமல், யாரும் இடையில் வராமல். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யோசித்தேன்.

அந்த நாள் காலையில் மனைவி வழக்கம்போலக் கிளம்பினாள். அண்ணன் பையைத் தட்டிப் பார்த்தாள். "மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டுடு, அண்ணா" என்றாள். "உன் புருஷன் போட்டாத் தின்றேன், குதிரைத் தீனின்னாலும் சரி" என்றார். அவள் போனதும் நான் துணி துவைக்க எடுத்தேன். அவர் போட்டிருந்த சட்டையில் காபிக் கறை இருந்தது. கழற்றித் தரச் சொல்லி வேறு சட்டை கொடுத்தேன். மிட்டாய் பழைய சட்டையோடு போனது. அதை எடுத்துப் புதுச் சட்டையில் போட வேண்டும் என்று எனக்கு நினைவு இருந்தது.

பாகில் குளுக்கோஸ் சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும் என்று சொல்வார்கள். அது உண்மை. குளிர்ப்பெட்டியில் இருந்த பாக்கெட்டை அப்படியே பிரித்துப் பாகில் கொட்டினேன். கொஞ்சம் போட்டாலே போதும். முழுவதும் போட்டேன்.

மதியம் நெருங்கியபோது அவர் கதவருகில் வந்தார். "மாப்ளே, சாப்பாடு எப்ப? ஊசி போடலாமா?"

அவர் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். சமைப்பது நான் என்பதால் தினமும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். கண் மங்கியவர், அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. என் வார்த்தைதான் அவருக்கு.

"போட்டுக்குங்க, மச்சான். இதோ ஆயிடுச்சு" என்றேன்.

ஆகவில்லை. அரிசியைக்கூடக் கழுவவில்லை. அடுப்பில் இருந்தது பாகு மட்டும்தான்.

அவர் ஊசி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காற்று பட்டால் பாகு சீக்கிரம் இறுகிவிடும். சர்க்கரை, தேன், பழம், பால் எல்லாம் என் பக்கம் இருந்தன. அந்த வீட்டில் இனிப்பென்று வேறு எங்கும் எதுவும் இல்லை. முந்தின நாளே பார்த்துவிட்டேன்.

ஓட்ஸைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

"மாப்ளே, சாப்பாடு?"

"ஆகுது மச்சான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். "கதவைத் திறயேன். கை நடுங்குதுப்பா. பையில மிட்டாய் காணோம்."

"இதோ வர்றேன். தட்டுல பரப்பிக்கிட்டு இருக்கேன், இப்ப விட்டா இறுகிடும்."

"ஒரு ஸ்பூன் சக்கரை குடு, போதும். கதவு இடுக்குல நீட்டு."

"ஒரு நிமிஷம், மச்சான்."

டம்ளரை எடுத்து அழுத்த ஆரம்பித்தேன். மூலையிலிருந்து மூலைக்கு, ஒரு இடம் விடாமல். பல தட்டுகளுக்குப் பிறகு முதல்தடவையாக என் கையை யாரும் பாதியில் நிறுத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பேச்சு மாறிவிட்டது. என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு யாருக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச விடு. மெதுவா விடும்மா. பயப்படாத, என்கிட்டயும் பிரேக் இருக்கு. நான் பாத்துக்கறேன். நீ ரோட்டைப் பாரு."

கால் தரையை மிதிக்கும் சத்தமும் கேட்டது. பிறகு நாற்காலி சாய்ந்த சத்தம். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

தட்டை ஓவனில் வைத்தேன். கதவைத் திறந்து கூடத்துக்குப் போனேன். பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். சட்டை நனைந்திருந்தது. மூச்சு இருந்தது, குறட்டை மாதிரி. குனிந்து பார்த்தேன். அப்போதுகூட நேரம் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் ஒரு ஊசியில் எழுந்து உட்கார்ந்து யாரு செத்தா என்று கேட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். எழுந்தவுடன் அவர் எங்கே வருவார் என்பதும் தெரியும். தட்டு உள்ளே இருந்தது.

அவர் தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சமையலறைக்குப் போய் அவருடைய முக்காலியில் உட்கார்ந்து ஓவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மத்தியானம் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு என்னைப் பற்றித் தப்பாகத் தோன்றும். சொல்லாமல் விடுகிறேன். கூடத்திலிருந்து மூச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஓவனின் சத்தத்தோடு சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் அது காதில் தனியாக விழவில்லை.

தட்டை எடுத்தேன். காத்திருந்தேன். கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெட்டினேன். ஒரு பொடி உதிரவில்லை. ஓரம் எல்லாம் கோடு போட்ட மாதிரி. ஒன்றை எடுத்து நன்றாக ஆறவிட்டு உடைத்தேன். அந்தச் சத்தத்தை என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது. காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி, ஒரே சத்தம், சுத்தமாக. மீதியைக் கண்ணாடித் தட்டில் வரிசையாக அடுக்கினேன். அப்புறம் அரிசியை அடுப்பில் வைத்து, வேகவிட்டு, இறக்கி, சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு தட்டு போட்டேன். சட்டை மாற்றிக்கொண்டு நடக்கப் போனேன்.

திரும்பி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வாசலுக்கு வந்தபோது மனைவியும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஓவனில் தட்டை வைத்துவிட்டு நடக்கப் போனேன், அப்போது மச்சான் டிவி பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார், சாப்பாடு போட்டு வைத்திருந்தேன், சாப்பிடாமல் விட்டிருக்கிறார் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ஆஸ்பத்திரியில் என் தோளில் சாய்ந்து அழுதாள். ரொம்ப நேரம் சர்க்கரை இல்லாமல் மூளை பட்டினி கிடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். யாராவது ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்திருந்தால், என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நினைவு திரும்பாமலே சில நாளில் அவர் போய்ச் சேர்ந்தார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் வீட்டைச் சரியாகப் பார்த்தாள். மேசையில் அந்தக் கண்ணாடித் தட்டு மூடியபடியே இருந்தது. திறந்து ஒரு பாரைக் கையில் எடுத்தாள். தின்னப் போகிறாள் என்று நினைத்தேன். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க எப்ப நடக்கப் போனீங்க?"

"தட்டை ஓவன்ல வச்சதும்."

"வந்தது?"

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏன்?"

"நான் வந்தப்ப இது ஆறி அடுக்கி இருந்துச்சு." அவள் என்னைப் பார்க்கவில்லை, பாரைத்தான் பார்த்தாள். "வெதுவெதுன்னு இருக்கும்போது வெட்டினாத்தான் இப்படி வரும்னு நீங்கதானே சொல்லுவீங்க. முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாதுன்னு. அப்ப இதை யாருங்க வெட்டினது?"

இவ்வளவு நாளும் நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் கேட்பதில்லை என்று நினைத்துவிட்டேன்.

"அண்ணன் உங்ககிட்ட கேட்டாரா?" என்றாள்.

"என்ன?"

"சக்கரை. வாயைத் திறந்து கேட்டாரா?"

"கேட்டார்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் பாரைத் திரும்பத் தட்டில் வைத்து மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் தடுக்கவில்லை. கீழே விழுந்துவிடப் போகிறது, ரெண்டு கையாலும் பிடி என்று மட்டும் சொன்னேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஊசி போடச் சொன்னது நான். சாப்பாடு இல்லை என்று தெரிந்தே சொன்னேன். மிட்டாயை எடுத்தது, குளுக்கோஸைக் கொட்டியது, கதவைத் தாழிட்டது எல்லாம் நான். அவர் சாக வேண்டும் என்பதற்காகத்தான். மனைவிக்கோ வேறு யாருக்குமோ இதில் சம்பந்தம் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. அந்தத் தட்டை உங்கள் ஆட்கள் பையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். ஒரு துண்டைக்கூட யாரும் வாயில் வைக்கவில்லை. காற்றுப் போகாமல்தான் கட்டியிருக்கிறார்கள், இன்னும் நமத்திருக்காது. உங்களில் ஒருத்தராவது ஒரு துண்டைக் கடித்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால், நான் இவ்வளவு நேரம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதே இருந்திருக்காது.